அரைமணி பிந்திய மழை

ஓய்வு பெறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்னர், எங்கள் பண்டாரவளை அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த கிருஷாந்தியின் மேசைக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அவள் ஒரு கோப்பைத் திறந்தாள். அதில் ஒரே ஒரு வரியில் ஓர் எண்ணை மாற்றினாள். பொத்தானை அழுத்தினாள். இந்த நிரலைக் கட்டுவதற்கு வேண்டிய கருவித் தொகுப்பான கிட் இந்த இயந்திரத்தில் இல்லை, இறக்கிக்கொண்டிருக்கிறேன் என்று திரை தானாகவே சொன்னது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கிட் வந்தது, விரிந்தது, நிரல் கட்டப்பட்டது.

"என்னக்கா, முகம் ஒரு மாதிரி ஆயிருச்சு? உக்காருங்க" என்றாள் அவள்.

நான் உட்காரவில்லை. அந்த ஒரு நிமிடம் எங்களிடம் இல்லாமல் போனதால் என்ன நடந்தது என்பது அந்த அலுவலகத்தில் இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் திரும்பத் திரும்பக் கேட்டதால் எழுதுகிறேன்.

நான் அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்தில் பிறந்தவள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் பகுதியில் வேலை செய்தார். உயர்தரம் முடித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பதுளையில் ஒரு கணினி வகுப்பில் சேர்ந்தேன். ஏழு பேருக்கு இரண்டு கணினிகள். வகுப்பு முடிந்ததும் அங்கேயே கற்பித்தேன், பின்னர் ஒரு தோட்டக் கம்பனியின் பதுளை அலுவலகத்தில் தரவு பதியும் வேலை. பத்து வருடத்தை இப்படி நாலு வரியில் முடித்துவிடுகிறேன். அதில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. சொல்வதற்கு இருப்பது, 2002இல் பண்டாரவளையில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த சிறு மென்பொருள் அலுவலகத்தில் நான் சேர்ந்த பிறகு நடந்தவை.

அங்கே நாங்கள் நாலு பேர். எங்களுக்கு மேலே சிவகுருநாதன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்க வேலையில் முப்பது வருடம் மழையை அளந்தவர். ஊவாவில் எந்த மலை எந்தக் காற்றுக்கு எவ்வளவு மழை வாங்கும் என்பது அவருக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற பிறகு, தோட்டங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை தரும் ஒரு நிரலைச் செய்யவேண்டும் என்று இந்த அலுவலகத்துக்கு வந்து எங்களைச் சேர்த்துக்கொண்டார்.

நிரல் செய்கிற வேலை எளிமையானது. தோட்டத்து மழைமானிப் பெட்டி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, எத்தனை மணிக்கு எவ்வளவு மழை என்று அந்தத் தோட்டத்து ஆபீஸ் கணினிக்கு அனுப்பும். நிரல் அதைக் கூட்டிக்கொண்டே வரும். மலையின் சரிவையும் மண்ணையும் பார்த்து சேர் வகுத்துவைத்த அளவைத் தாண்டினால் மணி அடிக்கும். மணி அடித்தால் மலையடி லயங்களில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், இருப்பவர்களை வெளியே எடுக்கவேண்டும். ஒரேயொரு கூடுதல் விதி உண்டு. பெட்டி சில நேரம் சிக்கிக்கொண்டு பழைய அளவையே திரும்பத் திரும்ப அனுப்பும். அதனால் இருபது நிமிடத்துக்கு மேல் பழசான அளவு எதையும் நிரல் சேர்க்காது.

சேர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. சீடியைத் தொடுவதற்கு முன்னர் கையைக் கழுவித் துடைத்துக்கொள்வார். தோட்டத்துக்குப் போகும் ஒவ்வொரு சீடிக்கும் ஓர் இலக்கம் போட்டு, தடித்த பதிவுப் புத்தகத்தில் நீல மையால் எழுதுவார். எந்தத் தோட்டம், யார் கட்டியது, எந்த இயந்திரத்தில், எந்தக் கிட்டில். ஒவ்வொன்றையும் எங்களிடம் கேட்டுத்தான் எழுதுவார். நாங்கள் பதில் சொன்னதும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இன்னொரு தடவை கேட்பார்.

"நீர் பாத்தனீரோ, இல்லாட்டி பாத்திருப்பன் எண்டு நினைக்கிறீரோ?"

முதல் மாதங்களில் அந்தக் கேள்விக்கு நான் நடுங்கி, திரும்ப ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவேன். வருடங்கள் போகப் போக நடுக்கம் போய்விட்டது. கேள்வியும் பழகிவிட்டது.

கிட் என்றால் என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எழுதும் நிரலை இயந்திரம் ஓட்டக்கூடிய வடிவத்துக்கு மாற்றித்தரும் கருவிகளின் தொகுப்பு அது. டெவலப்மென்ட் கிட் என்பதைச் சுருக்கிக் கிட் என்போம். தோட்டத்துக் கணினிகளில் ஒன்றுமே இருக்காது என்பதால், நிரலை ஓட்டத் தேவையான பகுதியையும் அதே கிட்டிலிருந்து எடுத்துச் சீடியில் சேர்த்து அனுப்புவோம். எந்தக் கிட்டில் கட்டினோமோ அந்தக் கிட்டின் அறிவுதான் தோட்டத்துக்கும் போகும். எந்த நாட்டில் இப்போது மணி என்ன என்ற அறிவும் அதற்குள்தான் இருந்தது.

2006 சித்திரைப் புத்தாண்டோடு நாட்டின் நேரம் அரைமணி பின்னுக்குப் போனது. பத்து வருடத்துக்கு முன்னர் முன்னுக்குத் தள்ளிய நேரத்தைப் பழையபடி ஆக்கினார்கள். எல்லாரும் சுவர்க் கடிகாரத்தைத் திருப்பிவைத்தார்கள். எங்கள் கிட்டுக்கு அது தெரியாது. கணினியின் கடிகாரத்தைச் சரிசெய்தாலும் நிரல் மட்டும் அரைமணி முன்னால் நின்றது. சேர் அதை அன்று காலையிலேயே கண்டுபிடித்தார். நேர மாற்றம் தெரிந்த புதிய கிட் வரும்வரைக்கும் தோட்டங்களில் மழைமானியைக் கையால் பார்க்கச் சொல்லிக் கடிதம் அனுப்பினார்.

சில மாதங்களில் புதிய கிட் வந்தது. வந்தது என்றால் உலகத்துக்கு வந்தது. பண்டாரவளைக்கு அதைக் கொண்டுவர நான் பட்ட பாடு வேறு. அலுவலகத்துத் தொலைபேசி இணைப்பில் அது பாதியில் அறுந்துவிடும். அறுந்தால் முதலிலிருந்து தொடங்கவேண்டும். கடைசியில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இன்டர்நெட் கடை வைத்திருந்த நிஸாம் நானாவிடம் போனேன். காலையில் கடை திறந்ததிலிருந்து பின்னேரம் வரை ஒரு கணினிக்கு முன்னால் இருந்தேன். மூன்று தடவை அறுந்தது. நாலாவது தடவை நானா கடையிலிருந்த மற்றவர்களைப் பார்த்து, "கொஞ்ச நேரம் ஒருத்தரும் ஒண்டையும் தொறக்க வாணாம். இந்த மிஸ்ட சாமான் எறங்கி முடியட்டும்" என்றார். எட்டுப் பேர் கையைக் கட்டிக்கொண்டு என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்படித்தான் அது இறங்கியது.

புதிய கிட்டை, கட்டும் இயந்திரம் என்று நாங்கள் தனியே வைத்திருந்த கணினியில் பதித்து, தோட்டங்களுக்குப் புதிய சீடிகளை அனுப்பத் தொடங்கினோம். தோட்டங்களுக்குப் போகும் எல்லாவற்றையும் அந்த ஓர் இயந்திரத்தில்தான் கட்டவேண்டும் என்பது சேரின் ஒழுங்கு. மற்ற இயந்திரங்களிலும் பதித்துவைக்கச் சொன்னார். என் மேசைக் கணினியிலும் பதித்தேன். ஆனால் பழையதை நீக்கவில்லை. இரண்டும் இருந்தால் இயந்திரம் எதை எடுக்கும் என்பது வேறொரு இடத்தில் எழுதப்பட்டிருக்கும். அந்த இடத்தை மாற்ற மறந்துவிட்டேன். மறந்தது எனக்குத் தெரியாது.

ஐப்பசி இடி எங்கள் பக்கத்தில் சாதாரண இடி இல்லை. அந்த வருடம் ஒருநாள் மத்தியானம் கட்டும் இயந்திரம் இடியில் எரிந்துபோனது. அதே வாரத்தில் ஹல்துமுல்லைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து, மணியின் சத்தம் தொழிற்சாலை இரைச்சலில் கேட்கவில்லை, கூட்டித் தாருங்கள் என்று கேட்டிருந்தார்கள். சின்ன மாற்றம்தான். என் மேசைக் கணினியிலேயே கட்டினேன். ஒரு பிழையும் காட்டவில்லை. பிழை காட்டியிருந்தால் நான் பார்த்திருப்பேன். சீடியை எழுதி சேரின் மேசைக்குக் கொண்டுபோனேன். அவர் கையைக் கழுவிவிட்டு வந்து புத்தகத்தைத் திறந்தார்.

"எந்த மெசின்?"

"என்னோடது சேர்."

"கிட்?"

"புதுசு சேர்."

பேனா மேலே நின்றது. "நீர் பாத்தனீரோ, இல்லாட்டி பாத்திருப்பன் எண்டு நினைக்கிறீரோ?"

அப்புத்தளை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சீடியைத் தோட்டத்து ஆளிடம் பஸ் நிலையத்தில் கொடுக்கவேண்டும்.

"பாத்தேன் சேர்" என்றேன்.

அவர் நீல மையில் எழுதினார்.

நாலு நாள் கழித்து, மத்தியானம் ஒன்றே முக்காலுக்குத் தொலைபேசி அடித்தது. சேர் சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் நான் எடுத்தேன். அந்தத் தோட்டத்துக் கிளாக்கர் ராஜேந்திரன். ஆபீஸ் வேலையெல்லாம் பார்க்கும் மூத்த மனிதர், பதற்றப்படாதவர்.

"மிஸ், ஒங்க பொட்டிய பத்தி ஒன்னு கேக்கணும். இங்க காலையிலருந்து மழை கொட்டுது. ஸ்கிரீன்ல பூஜ்ஜியம்னு நிக்கிது. அப்படி நிக்கலாங்களா?"

அவருக்குப் பின்னால் தகரக் கூரையில் மழை விழும் சத்தம் தொலைபேசியில் இரைந்துகொண்டிருந்தது. முதலில் மழைமானியின் கம்பி அறுந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

"நேத்தெல்லாம் என்ன காட்டுச்சுங்க?"

"நேத்தும் பூஜ்ஜியம்தான். ஆனா நேத்து மழையே இல்லையே. அதனால நாங்க ஒன்னும் நெனைக்கல."

"மேல மூலையில நேரம் காட்டும் பாருங்க. அது என்ன காட்டுது?"

"ரெண்டேகாலுங்க. சொவத்துல உள்ளது ஒன்னே முக்காலு. சொவத்துக் கடிகாரம் பிந்திப்போச்சுன்னு பாட்டரி மாத்தச் சொல்லியிருக்கேன்."

என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்றே முக்கால். அரைமணி. நிரல் பழைய நேரத்தில் நிற்கிறது. பெட்டி இந்த நிமிடம் அனுப்பும் அளவு அதற்கு அரைமணி பழசாகத் தெரிகிறது. இருபது நிமிடத்துக்கு மேல் பழசானதைச் சேர்க்காதே என்பது விதி. காலையிலிருந்து பெய்த மழை முழுவதையும் ஒவ்வொரு பத்து நிமிடமாக அது வாங்கி வாங்கி வெளியே கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"சேர்!" என்று கத்தினேன். அந்த அலுவலகத்தில் யாரும் கத்தியதில்லை. அவர் எச்சில் கையோடு எழுந்து வந்தார். நான் சொன்னது பாதி வார்த்தைதான். அவர் மீதியைக் கேட்கவில்லை. இடக்கையால் தொலைபேசியை வாங்கினார்.

"கிளாக்கர், பழைய மழைமானி, போத்தல் வைச்சு அளக்கிறது, ஆபீசுக்குப் பின்னால இருக்குதெல்லே? காலமை வழமைபோல ஊத்திப்போட்டுத்தானே வைச்சனீங்கள்? போய் அளந்துகொண்டு வந்து சொல்லுங்கோ. ஓடுங்கோ. நான் லைன்ல நிக்கிறன்."

கிளாக்கர் திரும்பி வந்து சொன்ன அளவைச் சேர் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். கணக்குப் போட அவருக்குக் கடதாசி தேவைப்படவில்லை.

"மலையடி லயத்தில ஆக்கள் இருக்கினமோ?"

"இருக்காங்க சேர். மழைக்குக் கொழுந்து எடுக்கல. நேரத்தோட எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டோம்."

"எல்லாரையும் வெளிய எடுங்கோ. இப்ப. தொழிற்சாலைக்குக் கொண்டுபோங்கோ."

"தோட்டத்துத் துரை பதுளைக்குப் போயிருக்காரு சேர். அவரு உத்தரவு இல்லாம நான் எப்படி…"

"நான் சொன்னனான் எண்டு எழுதி வையுங்கோ. எல்லாம் என்ர தலையில. போங்கோ!"

தொலைபேசி வைக்கப்பட்டது. சேர் நாற்காலியில் அமர்ந்தார். கையில் சோறு காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. அரைமணி நேரம் நாங்கள் இருவரும் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தோம். பண்டாரவளையில் தூறல்கூட இல்லை. கீழே புடவைக் கடையில் யாரோ விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டரைக்குத் தொலைபேசி அடித்தது.

"மிஸ்," என்றார் கிளாக்கர். அவருடைய குரலே இல்லை அது. "மலை எறங்கிருச்சு. லயம் இல்ல. லயமே இல்லீங்க."

"ஆளுங்க?"

"எல்லாத்தையும் எடுத்துட்டோம். ஒருத்திதான்… மல்லிகான்னு. எறங்கி வந்தவ, தொழிற்சாலை வாசல்ல வச்சுத் திரும்பி ஓடிட்டா. பேப்பர் பெட்டி இருக்குன்னு."

மறுநாள் காலை சேரும் நானும் போனோம். ஹல்துமுல்லை வழியில் பாதை மூடியிருந்ததால் பஸ்ஸை விட்டிறங்கி மீதித் தூரத்தை நடந்தோம். பன்னிரண்டு காம்பரா அறைகள் கொண்ட லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் மட்டும் இருந்தது. மண்ணுக்குள்ளிருந்து ஒரு கூரைத் தகரம் நீட்டிக்கொண்டிருந்தது. ஆட்கள் மண்வெட்டிகளோடு நின்றார்கள். பத்து மணியளவில் மல்லிகாவை எடுத்தார்கள். சேலை முந்தானையில் ஒரு பிஸ்கட் டின்னைச் சுற்றி நெஞ்சோடு அணைத்திருந்தாள். அதற்குள் பிரஜாவுரிமைப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டை. தண்ணீர் படவில்லை. பல காலம் நாடற்றவர்களாக வைக்கப்பட்டிருந்த எங்கள் சனத்துக்கு அந்தத் தாள்கள் என்ன என்பதை நான் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. என் அம்மாவும் அதைத்தான் எடுக்கப் போயிருப்பாள்.

அவளுடைய கணவர் ஆறுமுகம் அந்த டின்னை வாங்கிக்கொண்டு நின்றார். யாரோ திறந்து பார்க்கச் சொன்னார்கள். அவர் திறக்கவில்லை. நான் அவருக்கு ஐந்தாறு அடி தள்ளி நின்றேன். நான் யார் என்று அவருக்குத் தெரியாது என்று நினைத்தேன். சொல்லாமலேயே திரும்பினேன்.

அன்று திரும்பி வந்ததும் சேர் என்னுடைய மேசைக்கு வந்தார். "எடுத்துக் காட்டும்" என்றார். எந்தக் கிட் ஓடுகிறது என்று கேட்கும் கட்டளையைத் தட்டினேன். மூன்று விநாடி வேலை. திரையில் பழைய எண் வந்தது. அவர் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீர் அண்டைக்குப் பாக்கேல்லை."

"இல்ல சேர்."

அவர் தன்னுடைய மேசைக்குப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

மூன்றாம் நாள், தோட்டக் கம்பனிக்கு அனுப்ப ஓர் அறிக்கை எழுதினார். எழுதி முடித்து என்னை வாசிக்கச் சொன்னார். முதல் பக்கம் முழுவதும் அவருடைய பிழைகள். அளவு வராமல் இருப்பதும் மழை இல்லாமல் இருப்பதும் திரையில் ஒரே பூஜ்ஜியமாகத் தெரியும்படி வைத்தது தானே என்றும், வெற்றிடம் காட்டினால் தோட்டத்தில் குழம்புவார்கள் என்று நினைத்ததாகவும் எழுதியிருந்தார். கண்ணால் பார்க்காததைப் பதிவுப் புத்தகத்தில் பார்த்ததாக எழுதியதும் தானே என்று எழுதியிருந்தார். இரண்டாம் பக்கத்தில் ஒரு தலைப்பு மட்டும் இருந்தது. கிட் எவ்வாறு மாறியது. அதற்குக் கீழே வெறுமை.

"இதை நான் எழுதேலாது. இது உம்மட" என்றார்.

எழுதினேன். பார்க்காமல் பார்த்தேன் என்று சொன்னேன் என்ற அந்த வசனத்தை எழுத எனக்கு ஒரு மத்தியானம் பிடித்தது. கீழே கையெழுத்துப் போட்டு, கூடவே விலகல் கடிதத்தையும் வைத்து நீட்டினேன். அறிக்கையை எடுத்துக்கொண்டு கடிதத்தைத் திருப்பித் தந்தார்.

"உம்மை அனுப்பினால் அந்தக் கதிரையில இன்னொரு ஆள் வந்து இருக்கும். அதுவும் ஒருநாள் பஸ்ஸுக்கு நேரமாச்சுது எண்டு, பாத்தனான் எண்டு சொல்லும். நான் நாலு வருசமா உங்களிட்டைக் கேள்வி கேட்டனான் பிள்ளை. கேள்வியால ஒண்டும் நடக்கேல்லை. நான் கேக்கவும் தேவையில்லை, நீர் சொல்லவும் தேவையில்லை எண்ட மாதிரி ஒண்டைச் செய்து தாரும். அதுக்குப் பிறகு போறதெண்டால் போம்."

மூன்று வாரம் நான் வேறெதுவும் செய்யவில்லை. செய்தது இதுதான். நிரலின் கோப்புகளோடு ஒரு சிறிய கோப்பையும் சேர்த்தேன். இந்த நிரலுக்கு இந்தக் கிட், இந்த இலக்கம். கட்டத் தொடங்கும்போதே என்னுடைய கருவி அந்தக் கோப்பை முதலில் வாசிக்கும். இயந்திரத்தில் ஏற்கெனவே என்ன கிட் இருக்கிறது என்பதை அது நம்பாது, கணக்கிலும் எடுக்காது. சொன்ன இலக்கக் கிட் நிரலின் சொந்தக் கோப்புறையில் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் அலுவலகத்துப் பொதுக் கணினியிலிருந்து எடுக்கும். அங்கும் இல்லையென்றால் இணையத்திலிருந்து தானே இறக்கும். இணைப்பு அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இறங்கியது முழுசாக, மாறாமல் இறங்கியதா என்று சரிபார்க்கும். எல்லாம் சரியென்றால்தான் கட்டும். ஒன்று பிழைத்தாலும் நின்றுவிடும். எந்தக் கிட்டில் கட்டியது என்பதை நிரலுக்குள்ளேயே எழுதியும் வைக்கும்.

முதலில் நான் எப்போதும் ஆகப் புதிய கிட்டை எடுக்கும்படி எழுதியிருந்தேன். சேர் அதை வெட்டினார். "புதுசு வேண்டாம். சரியானது வேணும். நாளைக்கு வாற புதுசில என்ன இருக்கெண்டு நீர் பாத்தனீரோ?" என்றார். அன்றைக்குத்தான் நான் அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னேன். "இல்ல சேர்."

கருவியை முதன்முதலாக ஓட்டிய நாள், கட்டுவதற்கு முன்னர் ஒவ்வொரு இயந்திரத்திலும் என்ன கிட் இருக்கிறது என்று சும்மா அச்சிட்டுக் காட்டச் சொன்னேன். நாலு கணினிகளிலும் ஓட்டினோம். நாலு வெவ்வேறு எண்கள் வந்தன. இரண்டு பழையவை. ஒன்று என்னுடையது, அது தெரிந்ததுதான். மற்றது சேருடையது.

அவர் எழுந்து நின்றுவிட்டார். பிறகு பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பின்னோக்கிப் புரட்டினார். ஓகஸ்டில் ஒருநாள், கட்டும் இயந்திரத்தின் சீடித் தட்டு சிக்கிக்கொண்டபோது, ஊவா பரணகமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு அவரே தன்னுடைய கணினியில் கட்டி அனுப்பியிருந்தார். கிட் புதியது, பார்த்தேன் என்று நீல மையில் அவருடைய கையெழுத்து.

"பாத்தனான்" என்றார். "பிள்ளை, நான் பாத்தனான் எண்டுதான் இப்பவும் எனக்கு நினைப்பு."

அந்தத் தோட்டத்துக்கு அவசரமாகத் தொலைபேசி எடுத்தோம். அங்கேயும் திரையில் பூஜ்ஜியம்தான். மூன்று மாதமாகப் பூஜ்ஜியம். யாரும் ஒன்றும் நினைக்கவில்லை. நல்லவேளை, அந்தப் பக்கம் மழை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. சேர் அன்றைக்கே புதிய சீடியோடு பஸ் ஏறினார். எழுபதை நெருங்கும் மனிதர், குடையைக்கூட மறந்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பதிவுப் புத்தகத்தில் அவர் ஒரு வரிகூட எழுதவில்லை.

ஹல்துமுல்லைத் தோட்டத்துக்குப் புதிய சீடியை நானே கொண்டுபோனேன். தை மாதம், வெயில் அடித்தது. கிளாக்கர் என்னை ஆபீசுக்குள் உட்கார வைத்துத் தேநீர் தந்தார். அளவு வராவிட்டால் இப்போது திரை சிவப்பாகும் என்பதைக் காட்டினேன். வேலை முடிந்ததும், "பழைய மழைமானிய இப்பவும் பாக்குறீங்களாங்க?" என்று கேட்டேன்.

"பாக்குறோம் மிஸ். ஆறுமுகம்தான் பாக்குறாரு. அவரே கேட்டு வாங்கிக்கிட்டாரு அந்த வேலைய. வெளிய நிக்கிறாரு."

ஆபீசுக்குப் பின்னால் அவர் மழைமானிக்குப் பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"அண்ணே, நான் பண்டாரவளையிலருந்து வாறேன். அந்தக் கம்ப்யூட்டர் வேல…"

"தெரியுங்க. கிளாக்கரய்யா அப்பவே சொன்னாரு. பொட்டி பொய் சொல்லிருச்சுன்னாங்க."

"பொட்டி பொய் சொல்லலண்ணே. நான்தான் சொன்னேன். பாக்காமலே பாத்தேன்னு சொல்லிட்டேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். கோபம் வருமென்று நின்றேன். வரவில்லை. அவர் கேட்டது நான் எதிர்பார்க்காத ஒன்று.

"சரியா இருந்திருந்தா மணி எப்ப அடிச்சிருக்கும்?"

எனக்குப் பதில் தெரியும். மழைமானிப் பெட்டிக்குள் அன்றைய அளவுகள் பத்திரமாக இருந்தன. "அந்தக் கணக்கைப் போட்டுப் பாக்காதையும் பிள்ளை, நித்திரை வராது" என்று சேர் சொல்லியிருந்தார். நான் போட்டுப் பார்த்திருந்தேன். சரியான கிட்டில் கட்டிய நிரலுக்குள் அன்றைய மழையை விட்டபோது, ஆளில்லாத அலுவலகத்தில் அந்த மணி அடித்தது. நான் அதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பன்னெண்டு இருபதுக்கு" என்றேன்.

"மலை எறங்குனது ரெண்டு இருபது."

"ஆமாண்ணே."

அவர் மழைமானியின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். வறண்டு கிடந்தது. போத்தலை வெளியே எடுத்துச் சட்டை நுனியால் துடைத்தார்.

"ரெண்டு மணித்தியாலம்" என்றார். "பேப்பர் பெட்டிய மட்டுமாங்க? ரெண்டு மணித்தியாலம் இருந்திருந்தா அவ வீட்டையே கழட்டி எடுத்துக்கிட்டு வந்திருப்பா."

போத்தலை உள்ளே வைத்து மூடினார். மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த கொப்பியை எடுத்து, அன்றைய தேதிக்கு நேரே, பூஜ்ஜியம் என்று எழுத்தில் எழுதினார்.